கடைத்தெருவை விட்டுக் குளக்கட்டுக்கு

மார்கழி பிறந்துவிட்டால் எமது பட்டினங்களின் கடைத்தெருக்களில் கால் வைக்க இடமிராது. புடைவைக் கடைகளின் வாசலில் ஒலிபெருக்கி அலறும். விலைக்கழிவு என்று எழுதிய துணிகள் தெருவுக்குக் குறுக்கே தொங்கும். முருங்கன், நானாட்டான், அடம்பன் பக்கங்களிலிருந்து மன்னாருக்கு வரும் பஸ்களில் தாய்மார் கைக்குழந்தையோடு நின்றுகொண்டே பயணஞ் செய்வர். பாலன் பிறப்புக்கு இன்னும் இரண்டு மூன்று கிழமைகள் இருக்கும்போதே இந்த நெரிசல் தொடங்கிவிடுகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான்.

பெருநிலத்திலிருந்து மன்னார்ப் பட்டினத்துக்குள் நுழையும் எந்த பஸ்ஸும் தீவை இணைக்கும் தாம்போதியைக் கடந்தே ஆகவேண்டும். அதன் இருமருங்கும் ஆழங் குறைந்த நீர்ப்பரப்பு. மாரி காலத்தில் தூரதேசங்களிலிருந்து வலசை வந்த பறவைகள் அந்த நீரில் இரை தேடி நிற்கும். சில நாட்களில் பூநாரைகள் கூட்டமாக நிற்பது, தூரத்தில் யாரோ இளஞ்சிவப்புக் கோடொன்று கீறிவிட்டாற்போலத் தெரியும். அவற்றைப் பார்ப்பதற்கென்றே கொழும்பிலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் ஆட்கள் பணஞ் செலவழித்து வருகிறார்கள். எமது பஸ்ஸிலோ ஒரு முகமும் யன்னல் பக்கம் திரும்புவதில்லை. மூத்தவனுக்குக் காற்சட்டை, இளையவளுக்குச் சட்டை, மாமியாருக்குச் சேலை, மிஞ்சினால் கேக்குக்கு மாவும் சீனியும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். கைப்பையில் இருப்பதோ பெரும்பாலும் கடன் வாங்கிய காசு.

இந்தத் திருவருகைக் காலத்தில் அந்தப் பயணங்களில் ஒன்றையாவது நிறுத்துங்கள், பிள்ளைகளையும் வீட்டிலுள்ள முதியவரையும் கூட்டிக்கொண்டு குளக்கட்டுக்கோ களப்புக் கரைக்கோ போய்ப் பறவை பாருங்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம். சிலருக்குச் சிரிப்பு வரலாம். "காணியும் கையில் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை, சுவாமி எங்களைக் குருவி பார்க்கச் சொல்லுகிறார்" என்று ஒருவர் எம் முகத்துக்கு நேரே சொன்னதுண்டு. அவர் கேட்டது நியாயம். ஆகையால் குருவியைச் சற்று ஒருபுறம் விட்டு, முதலில் காசைப் பற்றிப் பேசுவோம்.

எமது பகுதிகளில் காலபோக விதைப்பு ஐப்பசி, கார்த்திகை மழையோடு நடைபெறுகிறது. அறுவடை தை மாதத்தில் தொடங்கி மாசி, பங்குனி வரை செல்லும். நத்தார் இவ்விரண்டுக்கும் நட்டநடுவில் வருகிறது. உழவுகூலி, விதைநெல் என்று இருந்த காசெல்லாம் சேற்றுக்குள் போய்விட்டது. யூரியாவும் களைநாசினியும் இன்னும் காசு கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆண்டு முழுவதிலும் விவசாயியின் மடி ஆக வெறுமையாக இருக்கும் மாதம் இதுவே. ஐரோப்பிய நாடுகளில் மார்கழி என்பது அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்தபின் வரும் மாதம். அங்கே உழவர் உண்டு களிப்பதற்கு அது பொருத்தமான காலம். எமது களஞ்சியம் நிறைவது பொங்கலுக்குப் பிறகுதான். பிறநாட்டுப் பருவத்தை எமது கடைத்தெருவில் கொண்டுவந்து இறக்கியவர்கள் எமது வயலைப் பார்த்துவிட்டு அதைச் செய்யவில்லை.

சொந்தக் காணியில் செய்பவருக்கே இந்த நிலையென்றால், ஊரை விட்டு வந்து பிறருடைய வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவருடைய நிலை என்ன? கூலிக்குக் களை பிடுங்கும் தாயின் நிலை என்ன? ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நூற்றுக்கு ஐந்து மாத வட்டியில் ஒருவர் மார்கழி நடுவில் 10,000 ரூபா வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பங்குனி நடுவில் நெல் விற்றுத் திருப்பிக் கொடுக்கும்போது வட்டி மட்டும் 1,500 ரூபா. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாடு நெல்லுக்கு அறிவித்த கொள்வனவு விலை 120 ரூபா. அந்த விலை முழுதாகக் கிடைத்தாலும் (அறுவடை நேரத்தில் ஈரநெல்லை வயலில் வைத்தே வாங்குபவர் சொல்வதுதான் விலை என்பது உங்களுக்குத் தெரியும்) முதலும் வட்டியுமாகிய 11,500 ரூபாவுக்கு ஏறத்தாழ 96 கிலோ நெல் போய்விடும். குற்றினால் அது ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலான சோறு. சங்கிலியையோ காப்பையோ ஈடு வைத்தவர்களுக்கு வட்டி குறைவாக இருக்கலாம். ஆனால் ஈடு வைத்த நகையை மீட்டவர்களைவிட மீட்காமல் விட்டவர்களைத்தான் நாம் கூடுதலாக அறிவோம்.

நுண்கடன் என்ற பெயரில் கிழமைத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நின்ற காலமும் மறந்துபோகவில்லை. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. அந்தக் கடன்களெல்லாம் நத்தார் உடுப்புக்கென்று வாங்கியவை அல்ல. மருந்துக்கும் படிப்புக்கும் பயிருக்கும் வாங்கியவை. அப்படிப்பட்ட பழைய கடனின் முதுகில்தான் மார்கழிச் செலவும் ஏறி உட்காருகிறது.

புதுச்சட்டை ஆசையை நாம் பழிக்கவில்லை. முகாம் வாழ்க்கையை அனுபவித்த ஒரு தாய்க்கு, நள்ளிரவுத் திருப்பலிக்குத் தன் பிள்ளையைப் புதுச்சட்டையோடு கூட்டிச் செல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். நாங்கள் இன்னும் விழுந்துவிடவில்லை என்று அயலாருக்குச் சொல்லும் வழி அது. ஊர்த் தையற்காரியிடம் ஒரு சட்டை தைப்பித்துப் போடுவதில் என்ன குற்றம்? ஆனால் அது ஒன்றோடு நிற்பதில்லை. நத்தாருக்கு ஒன்று, வருடப்பிறப்புக்கு ஒன்று என்றாகி, பிறகு மின்னும் விளக்குமாலை, சீனவெடி, இரண்டு நாளில் உடையும் விளையாட்டுச் சாமான் என்று நீள்கிறது. இதில் பங்குகளுக்கும் பங்குண்டு. குடிலுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் இடங்களில் வைக்கோலும் களிமண்ணும் மறைந்து, மின்விளக்கும் வாடகைச் சோடனையும் வந்துவிட்டன. கரோல் குழு வீடு வீடாகப் போய்க் கையேந்தும்போது, கொடுக்க வழியில்லாத வீட்டார் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்கிறார்கள். பாலனின் வருகையைப் பாடிக்கொண்டு போகிறவர்களுக்கு எங்கள் வீடு இருட்டாக இருக்கட்டும் என்று ஒரு குடும்பம் நினைக்க நேர்ந்தால், அந்த வழக்கத்தை நிறுத்தி யோசிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

திருச்சபையின் ஒழுங்கிலே நத்தாருக்கு முந்திய கிழமைகள் கொண்டாட்டக் காலமே அல்ல. குருவின் உடை ஊதா நிறம். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. அது காத்திருக்கும் காலம். காத்திருத்தல் என்னவென்று விவசாயிக்கு எந்தக் குருவும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மார்கழிக் கடைசியில், முந்தி விதைத்த வயல்களில் பயிர் குடலைப் பருவத்தை அண்மிக்கிறது. கதிர் தாளுக்குள் மறைந்திருக்கும். வெளியே பச்சை மட்டுமே தெரியும். அந்த நேரத்தில் வரம்பில் நின்று பார்ப்பதைவிட விவசாயி செய்யக்கூடியது அதிகமில்லை. நீர் மட்டத்தைக் கவனிப்பான், மழையைக் கவனிப்பான், அவ்வளவுதான். கடைத்தெரு சொல்லும் அவசரத்துக்கும் வயல் சொல்லும் நிதானத்துக்கும் இடையில் எமது மக்கள் இழுபடுகிறார்கள்.

இனிப் பறவைகளுக்கு வருவோம்.

கவலைப்படும் எளிய மக்களுக்குப் போதித்தபோது ஆண்டவர் வானத்துப் பறவைகளைச் சுட்டிக்காட்டியதை மத்தேயு நற்செய்தியின் 6 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். லூக்காவின் 12 ஆம் அதிகாரத்தில் அதே போதனையில் காகங்கள் வருகின்றன. கிரேக்க மூலத்தில் இவ்விரு இடங்களிலும் உள்ள வினைச்சொற்கள் போகிற போக்கில் ஒருதரம் பார்ப்பதைக் குறிப்பன அல்ல. உற்று நோக்குதல், கருத்தூன்றிக் கவனித்தல் என்ற பொருளுடையன. பிரசங்கங்களில் கவலைப்படாதிருங்கள் என்ற பகுதியை நாம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். கவனித்துப் பாருங்கள் என்றதை ஒரு கட்டளையாக எடுத்தவர் எத்தனை பேர்? அதுவும் காகத்தை! மோசேயின் சட்டப்படி காகம் தீட்டான பறவை. ஆண்டவர் அதைத்தான் எடுத்துக் காட்டினார்.

பறவைகள் விதைப்பதுமில்லை அறுப்பதுமில்லை என்று வாசிக்கும் இடத்தில் எமது விவசாயிகள் சிலர் புன்னகைப்பதைப் பீடத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அவை விதைப்பதில்லைத்தான், நாங்கள் விதைத்ததை அல்லவா தின்னுகின்றன என்பது அந்தப் புன்னகையின் பொருள். விதைத்த இரவே சேற்றில் இறங்கி நெல்லைப் பொறுக்கும் தாராக்களையும், பால் பிடித்த கதிரில் மொய்க்கும் நெல்லுக்குருவிகளையும், கிளிகளையும் தகரம் தட்டி விரட்டியவர்கள் அவர்கள். பறவை என்றால் எல்லாம் அழகு என்று வயல் தெரியாதவர்கள்தான் சொல்வார்கள். ஆனால் அதே வயலில் பச்சை மட்டையொன்றை நட்டுவைத்தால் கரிக்குருவி வந்து அதன்மேல் அமர்ந்து பூச்சியையும் புழுவையும் பிடிப்பதையும் அவர்களே அறிவார்கள். சிங்களக் கிராமங்களில் வயலின் ஒரு துண்டைக் குருவிகளின் பங்கென்று விட்டுவிடும் பழைய வழக்கம் இருந்தது. 'குருளு பாலுவ' என்று அதற்குப் பெயர். குருவியைப் பகையாளியாக மட்டும் பார்த்தவர்கள் அப்படியொரு பங்கு வைத்திருக்க மாட்டார்கள்.

அசிசி நகர்ப் பிரான்சிஸ் 1223 ஆம் ஆண்டு கிரேச்சியோ என்ற மலைக்கிராமத்தில் நத்தார் இரவைக் கொண்டாடிய கதை உங்களுக்குத் தெரியும். தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு எருது, ஒரு கழுதை. வாங்கிய சாமான் எதுவும் அங்கே இருக்கவில்லை. எமது குடில்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி என்பர். அவரைப் பற்றி அதிகம் பேசப்படாத வேறொரு செய்தியும் பழைய வரலாறுகளில் உண்டு. சக்கரவர்த்தியோடு பேசக் கிடைத்தால் ஒரு சட்டம் கேட்பேன் என்று அவர் சொல்வாராம். நத்தார் நாளில் வசதியுள்ளவர்கள் வீதியோரங்களில் தானியம் தூவவேண்டும், பறவைகளும் சிறப்பாக வானம்பாடிகளும் அன்றைக்கு வயிறார உண்ணவேண்டும், எருதுக்கும் கழுதைக்கும் வழமையைவிடக் கூடுதலான தீவனம் போடவேண்டும். இதுவே அவர் கேட்க விரும்பிய சட்டம். நத்தாருக்குச் செலவு செய்யச் சொன்ன புனிதர்தான் அவரும். அந்தச் செலவு போய்ச் சேர்ந்த இடம் வேறு.

நத்தாரையும் பறவையையும் சேர்த்து நினைத்த இன்னொருவர் அமெரிக்காவிலிருந்தார். அந்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நத்தார் நாளன்று துவக்கு எடுத்துக்கொண்டு இரு கட்சியாகப் பிரிந்து, அதிகம் பறவை விலங்கு சுட்டவர் யார் என்று பார்க்கும் போட்டி நடந்து வந்தது. பிராங்க் சப்மன் என்ற பறவையியலாளர் தாம் நடத்திய சிறு சஞ்சிகையில் ஒரு யோசனை எழுதினார். இம்முறை சுடவேண்டாம், எண்ணிப் பார்ப்போம் என்றார். 1900 டிசெம்பர் 25 இல் 27 பேர் 25 இடங்களில் நின்று எண்ணினார்கள். 27 பேர்தான். அந்த எண்ணிக்கை இன்றுவரை ஆண்டுதோறும் நத்தாரை ஒட்டி நடைபெறுகிறது. பல்லாயிரம் பேர் பங்குபற்றுகிறார்கள். ஒரு சமூகத்தின் நத்தார் வழக்கத்தைச் சிறிய பத்திரிகையொன்று மாற்றிய கதை என்பதனால் எமக்கு அதில் ஒரு தனி ஈடுபாடு உண்டு என்பதை மறைக்கவில்லை.

எமக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் இறங்கும்போது தெற்கே புறப்படும் பறவைகளுக்கு எமது தீவுதான் கடைசித் தரிப்பிடம். இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் எதுவும் கிடையாது. வங்காலைக் களப்புப் பகுதி 2008 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பரப்பு 4,839 ஹெக்டயர். அங்கே ஊசிவால் வாத்துக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கும். ஆண் வாத்துக்குத் தலை கபில நிறம், கழுத்திலே வெள்ளைக்கோடு, வால் ஊசிபோல நீண்டிருக்கும். தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி நிற்பதைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளையை நாம் இன்னும் காணவில்லை. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை அலகால் வடித்து உண்ணும். அந்த இரையிலிருந்துதான் அதற்கு இளஞ்சிவப்பு நிறம் வருகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை குஞ்சுப்பருவம் தாண்டாதவை. நிறம் பிடிக்க அவற்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும்.

மன்னாருக்கு வர முடியாதவர்களுக்குச் சுண்டிக்குளம் உண்டு, மண்டைதீவுத் தாம்போதி உண்டு, தொண்டைமானாற்றுக் கரை உண்டு. அதுவும் தூரம் என்றால் உங்கள் ஊர்க் குளமே போதும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி இல்லாத குளம் எமது பகுதியில் அரிது. எங்கும் போக முடியாத முதியவர்களுக்கு ஆறுமணிக்குருவி இருக்கிறது. பச்சை முதுகும் நீலச் சிறகும் வாலடியில் சிவப்பும் கொண்ட சின்னக் குருவி. ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து வந்து வேலியோரப் பற்றைகளில் இலைகளைக் கிளறித் திரியும். விடியற்காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவும். காணி இல்லாதவருடைய வேலிக்கும் அது வரும்.

எமது அக்கறை பொழுதுபோக்கோடு முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் கட்டுக்கரைக் குளக்கட்டில் இடம்பெயர்ந்த கிராமமொன்றின் முதியவரோடும் அவருடைய பேரனோடும் ஒரு காலைப்பொழுது இருந்தோம். ஐயா அதிகம் பேசாதவர். கூட்டங்களில் ஊரைப் பற்றிக் கேட்டால் "அதையேன் இப்ப" என்று எழுந்து போய்விடுவார். அன்று அலைகரையிலிருந்து ஆட்காட்டி ஒன்று கத்திக்கொண்டு எழும்பியது. அதைக் கேட்டதும் அவர் தாமாகவே சொல்லத் தொடங்கினார். தமது வயலில் காவற்குடில் எந்த மூலையில் இருந்தது, இரவில் ஆட்காட்டி கத்தினால் யானை வருகிறதா ஆள் வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள், துருசிலிருந்து எத்தனையாவது வயல் தம்முடையது, வடக்கு வரம்பில் நின்ற மருதமரம், அதற்கு அப்பால் இருந்த முஸ்லிம் குடும்பத்தின் வயல், அவர்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது வயலில் விட்டுப்போன மாடுகள் என்று ஒவ்வொன்றாக வந்தது. பேரனுக்கு வயது 12 இருக்கும். "அப்பு, இதெல்லாம் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றான். "நீ ஒருநாளும் கேக்கேல்லை, ராசா" என்றார் அவர்.

அந்தப் பேச்சில் அடங்கியிருந்தது ஒரு காணியின் எல்லை. வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்பிலவிலும் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, உள்ளே போன மக்கள் கண்டது பற்றைக்காடு. வேலி இல்லை, பாதை இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. உறுதியோ அனுமதிப் பத்திரமோ தொலைந்தவர்கள் பலர். இது எங்கள் மரம், இது எங்கள் கிணறு என்று காட்டியவர்கள் முதியவர்களே. 1990 இல் வலிகாமம் வடக்கையும் 2007 இல் முள்ளிக்குளத்தையும் விட்டு நடந்தவர்களில் காணியின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் உண்டு. அவை திரும்பக் கிடைக்கும் நாளில் எல்லை காட்டப் போவது யார்? ஊரைப் பற்றிச் சொல் என்றால் முதியவர்கள் வாய் திறப்பதில்லை, அது வலிக்கிறது. ஆனால் இந்தக் குருவிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். பெயரோடு மரம் வரும், மரத்தோடு வரம்பு வரும், வரம்போடு பக்கத்துக் காணிக்காரர் வருவார். கடைத்தெரு நெரிசலில் அந்தக் கேள்வியைக் கேட்க இடமில்லை. குளக்கட்டில் உண்டு.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை விட்டுப் பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்து, போர்க்கத் துணியின்றிக் குளிரில் ஒடுங்கிக் கிடந்த ஏழை அவர். வானத்தில் போன நாரையிடம் தம் ஊரில் தங்கி, ஒழுகும் வீட்டில் காத்திருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்லச் சொன்னார். அந்த நிலையிலும் நாரையின் அலகு பிளந்த பனங்கிழங்கைப் போலிருக்கிறது என்று பார்த்து வைத்தாரே, அதுதான் எமக்கு வியப்பு. பறவையைக் கவனித்துப் பார்ப்பது வசதி படைத்தவர்களின் வேலை என்று யார் சொன்னது? பனங்கிழங்கு தின்று வளர்ந்த எமக்கு அந்த உவமையை விளங்கப்படுத்த உரைகாரர் தேவையில்லை.

காற்றாலை, இறால் பண்ணை, மணல் அகழ்வு என்று எமது கரையோரத்தைப் பற்றிப் பலரும் தீர்மானம் எடுக்கும் காலம் இது. அவைபற்றி இவ்விதழில் தனியாக எழுதவேண்டும். இங்கே ஒன்று மட்டும்: கூட்டத்துக்கு வரும் அதிகாரியிடம், இந்தக் களப்பில் இன்ன மாதம் இன்ன பறவை இறங்கும், இன்ன மீன் குஞ்சு பொரிக்கும் என்று சொல்லத் தெரிந்த ஊரவர் பத்துப்பேர் இருந்தால் பேச்சின் போக்கு வேறாக இருக்கும்.

ஆகையால் பங்குகளில் உள்ள விவசாயச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் திருவருகைக் காலச் சனிக்கிழமைகளில் ஒன்றை இதற்கென ஒதுக்கலாம். ஒலிபெருக்கி, சாப்பாட்டுப் பொதி, பதாகை எதுவும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம், சத்தத்துக்குப் பறவை எழும்பிவிடும். பையன்களின் கெற்றப்போலை வீட்டிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். சரணாலயத்தில் பறவையைத் துன்புறுத்துவது சட்டப்படி குற்றமும் ஆகும். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்த பாதையை விட்டு விலகக் கூடாது. மாரியில் குளம் நிரம்பியிருக்கும்போது அலைகரையில் முதலை படுத்திருக்கும், ஆதலால் பிள்ளைகளை நீருக்குள் இறங்க விடவேண்டாம். 2018 மார்கழியில் நத்தாருக்குச் சில நாட்கள் இருக்கையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழை கனத்தால் அந்தச் சனிக்கிழமையை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தூரக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. கண் பழகிய விவசாயிக்குக் கொக்குக்கும் குருட்டுக்கொக்குக்கும் வித்தியாசம் காட்டக் கண்ணாடி வேண்டியதில்லை. பழைய கொப்பியொன்றில் பிள்ளை எழுதட்டும்: நாள், இடம், பறவை, எத்தனை, முதியவர் சொன்ன பெயர், அவர் அதோடு சேர்த்துச் சொன்னது. புத்தகப் பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். ஒரே பறவைக்கு இரண்டு ஊரார் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், சண்டை வேண்டாம். ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி 1987 முதல் தை மாதந்தோறும் நடைபெற்று வருகிறது. எமது நாட்டிலும் எண்ணுகிறார்கள். அதற்கு முன்னரே எமது பிள்ளைகளின் கொப்பியில் ஒரு கணக்கு இருக்கட்டும்.

காலை ஐந்தரைக்குப் புறப்படுங்கள். வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கத்தக்கதாகக் கட்டில் இடம் பார்த்து உட்காருங்கள். ஒரு போத்தல் தேநீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுபோனால் போதும். வெயில் ஏறினால் வாத்துக்கள் கரையை விட்டு நடுக்குளத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து, அன்றைக்குச் செய்யவேண்டிய களையெடுப்பைப் பார்க்கலாம்.